மாஸ்டர் சுட்ட பை

"பொறு. பொறுன்னு சொல்றேன்ல? எங்க ஓடுற? ஓரத்தப் பாத்து வா. மெதுவா… மெதுவா… ஆங், அப்படித்தான். இப்பத் திரும்பு."

மாஸ்டர் பேசிக்கொண்டிருப்பது மைதா மாவிடம். சமையல் மேடையில், உருட்டுக்கட்டைக்கு அடியில், மாவு வட்டமாக விரிந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளியே நாக்கை நீட்டுகிறது. மாஸ்டர் கட்டையை நிறுத்திவிட்டு அந்த நாக்கை முறைக்கிறார். "உனக்கு மட்டும் தனி ரோடு போட்டிருக்கா? மூதேவி, உள்ள வாடி." சொல்லும்போதே வலது கால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதிக்கிறது. அங்கே பிரேக் எதுவும் கிடையாது, வெறும் தரைதான். ஆனாலும் மாவு அடங்கிவிடுகிறது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். மண்டையில் எல் போர்டு மாட்டிய குட்டி வெள்ளைக் கார் ஒன்று வைத்திருக்கிறார். ஓட்டுகிறவர் பக்கம் இருக்கிற மாதிரியே அவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பெண்ணாக இருந்தாலும் எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'தான். ஆரம்ப காலத்தில் படிக்க வந்த ஒரு தையல்காரர் தொடங்கி வைத்த வழக்கம் அது. "மேடம்னா ஃபீஸ் கட்டுற மாதிரி இருக்குங்க. மாஸ்டர்னாத்தான் உசுரு பத்திரமா இருக்கிற மாதிரி இருக்கு" என்றாராம். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணன், அண்ணி, பால்காரர், கோபம் வந்தால் பெற்ற மகள், எல்லார் வாயிலும் மாஸ்டர்தான்.

வண்டிக்குள் மாஸ்டர் சொக்கத் தங்கம். ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று ஒருவர் சலூன் வாசல்வரை போய் இடித்து நின்றபோது, "பரவாயில்ல சார், வந்தது வந்தாச்சு, முடி வெட்டிக்கிட்டே போயிடலாம்" என்றார். கியர் கம்பியின் குமிழைப் பிடுங்கிக் கையோடு எடுத்துவிட்ட கல்லூரிப் பெண்ணிடம், "பத்திரமா வச்சுக்கம்மா, திரும்பி வரும்போது மாட்டிக்கலாம்" என்றார். பயந்த ஆளைத் திட்டினால் அவன் கால் பிரேக்கைத் தேடாது, மனசு அம்மாவைத் தேடும் என்பது அவர் கட்சி. "திட்டுறதையெல்லாம் உள்ளயே போட்டு வச்சுக்கணும். வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்."

வீட்டில் பார்த்துக்கொள்வது மாவிடம்தான். வருஷம் முழுக்க விழுங்கி வைத்த வசவெல்லாம் ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு முந்தின நாள் மொத்தமாக வெளியே வரும். சனியனே, தறுதலை, உருப்படாத கழுதை, கண்ண எங்க வச்சிருக்க என்று குரல் படியிறங்கித் தெருவரை போகும். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் பயந்துபோய் மேலே வந்து, கதவைத் திறந்த கணவரிடம் கேட்டார்.

"சார், உள்ள ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"ஒண்ணும் இல்லைங்க. பை சுடுறா."

கீழ்வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யாரோட பையை?"

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நம் மொழியில் பை என்றால் கையில் தொங்குவதுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். மாஸ்டரின் பை வேறு. மாவை வட்டத் தட்டில் தொட்டில் மாதிரி விரித்து, உள்ளே பழமோ கறியோ நிரப்பி, மேலே இன்னொரு மாவுப் போர்வையைப் போர்த்தி, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, ஓவனுக்குள் தள்ளிச் சிவக்கச் சுட்டு எடுப்பது. வருஷத்துக்கு மூன்று செய்வார்: ஆப்பிள் ஒன்று, கோழிக்கறி ஒன்று, பூசணி ஒன்று. இந்த மூன்றைத் தவிர அவருக்கு வேறு எந்தச் சமையலும் வராது. மாஸ்டர் வெந்நீர் வைத்தால்கூட அடிப்பிடிக்கும் என்பது குடும்பத்தில் பரவலாக நிலவும் கருத்து.

இந்த வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு கப்பல் சமையல்காரர். கரையில் இருந்த காலத்தில் கார் ஓட்டப் பழக வந்தவர். டெஸ்டுக்காக வரிசையில் நிற்கும்போது நடுக்கம் தெரியாமல் இருக்கட்டும் என்று மாஸ்டர் அவரிடம் பேச்சுக் கொடுப்பார். சமையல்காரருக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான்: வெண்ணெய் எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும், மாவை எப்போது விட்டுவிட வேண்டும். வரிசை நீளமானது, அவர் தோற்ற தடவைகளும் நிறைய. கடைசியில் அந்த மனிதர் லைசென்ஸ் வாங்காமலே கப்பலேறிவிட்டார். மாஸ்டர் மட்டும் பாஸ்.

மாஸ்டருக்குச் சூட்டுக் கை. வெண்ணெயைத் தொட்டால் உருகிவிடும். அதனால் மாவில் கை வைக்கும் முன் ஐஸ் கட்டிகளை இரண்டு உள்ளங்கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விரல் மரத்துப்போகும்வரை அடுப்படியில் குதிப்பார். "ஊ… ஊ… ஊ…" என்று ஒரு சத்தம் வேறு. ஓவன் சூடேறியதும் அதன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முழங்காலில் கை ஊன்றி உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார். புது ஆள் ஸ்டியரிங் பிடிக்கும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அதே உட்காரல். ஆவி போவதற்கு மேல் மாவில் கீறல் போடுவார்கள் இல்லையா, மற்றவர்கள் இலை, பூ என்று கீறுவார்கள். மாஸ்டர் ஆங்கில எழுத்து எல் போடுவார். ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு பையிலும்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தீட்டுகிறவர். மயிரிழை பிசகாத வேலை. அந்த ஒழுங்கு அவர் காதுக்குள்ளும் போய்விட்டது. சொன்னதைச் சொன்னபடி செய்வார், கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார். "அந்தக் காலண்டரக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்க" என்றால் எவ்வளவு தள்ளி என்று கேட்டு அளவுகோலோடு வந்து நிற்பார். பை வேலை நடக்கும்போது அவருக்குச் சமையலறைக்குள் அனுமதி கிடையாது. ஒரு வருஷம், பூசணி ஓவனுக்குள் இருந்த நேரம் பார்த்து, கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, "வெந்துருச்சா?" என்று அதனிடமே கேட்டுவிட்டார். பூசணி நடுவில் பள்ளம் விழுந்து உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து தடை. அவர் அதை மீறியதில்லை.

மூன்று பையும் போய்ச் சேருகிற இடம் அண்ணன் வீடு. விடுமுறை மதியச் சாப்பாடு எப்போதும் அங்கேதான். மற்றதெல்லாம் அண்ணி பொறுப்பு. அண்ணன் பொறுப்பு பேச்சு.

இந்த வருஷம் அந்த மேஜைக்குப் புதிதாக இரண்டு பேர் வருவதாக இருந்தது. மாஸ்டரின் மகள் பல் டாக்டர். பல் வலி என்று வந்த ஒரு பையன், வலி போன பிறகும் வந்துகொண்டே இருந்ததில் விஷயம் கல்யாணம்வரை வந்துவிட்டது. பையனும் அவன் அம்மாவும் முதல்முறையாக விருந்துக்கு வருகிறார்கள். அந்த அம்மா சந்தைத் தெரு முனையில் இருக்கும் பெரிய பேக்கரிக்குச் சொந்தக்காரர். விடியுமுன் ஜனம் வரிசையில் நிற்கிற கடை.

மகள் போனில் பிடித்தாள்.

"அம்மா, இந்த வருஷம் பை வேணாமேம்மா."

"ஏன்?"

"அவங்க பேக்கரிம்மா. பொழுது விடிஞ்சா அதுதான் அவங்க வேலை. அவங்க முன்னாடி போய் நீ பைய வச்சா… நீயே நினைச்சுப் பாரு, அவங்க வந்து உனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தா எப்படி இருக்கும்?"

"சரிம்மா" என்றார் மாஸ்டர்.

அந்தக் குடும்பத்தில் மாஸ்டர் 'சரிம்மா' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். "அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம்…" என்று மகள் பதறுவதற்குள் போன் வைத்தாகிவிட்டது.

வைத்தாரே தவிர, மகள் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் முழுக்க மாஸ்டர் மாஸ்டராக இல்லை. பழக வந்த ஒரு வங்கி மேனேஜரிடம், "அடுத்த சிக்னல்ல லெஃப்ட் எடுத்து வெண்ணெயப் போடுங்க" என்றார். மேனேஜர் மரியாதையானவர், எந்த லெஃப்ட் என்று மட்டும் கேட்டார். வழியில் பேக்கரி தென்பட்டால் மாஸ்டர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மாவை ஒருமுறை பிசைந்து, சரியில்லை என்று தூக்கிப் போட்டு, மறுபடி பிசைந்தார். மறுபடி பிசைந்ததையும் தூக்கிப் போட்டார். வசவுகூடச் சரியாக வரவில்லை. "கழுத" என்று ஆரம்பித்துவிட்டு, "…கோச்சுக்காத, நல்லா வந்துரு" என்று மாவிடம் கெஞ்சினார்.

மாவு மனமிரங்கியது. மூன்றும் நன்றாகவே வந்தன. கோழிக்கறி பொன்னாக உப்பி நின்றது. பூசணி பள்ளம் விழாமல் சமமாக இருந்தது. ஆப்பிளுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கருகல். மாஸ்டர் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு அது தன் கண்ணுக்கே தெரிகிறது என்று வெள்ளைத் துணியால் மூன்றையும் மூடி ஜன்னலோரம் ஆறவைத்தார்.

விருந்தன்று காலை ஏகப்பட்ட அமளி. மூன்றையும் திரும்பச் சூடுகாட்டக் கடைசி நிமிஷம்வரை ஓவன் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுபடி சமையலறை ஜன்னலோரம் மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போன மாஸ்டர், தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கத்தினார்.

"என்னங்க! பை மூணையும் எடுத்து வண்டியில வச்சிருங்க! பின் சீட்டுல! ஆடக்கூடாது! மேல துணி போட்டு மூடுங்க, தூசி விழுந்துறப் போகுது!"

"சரி" என்றார் கணவர்.

குளியலறைக் கதவு திறப்பதற்கும் அண்ணனிடமிருந்து போன் வருவதற்கும் சரியாக இருந்தது. "எங்க இருக்கீங்க? அவங்க வந்து உக்காந்தாச்சு! நான் ஒருத்தன் எவ்வளவு நேரம் பேசுறது?" அண்ணனே பேச முடியவில்லை என்கிறார் என்றால் நிலைமை மோசம். மாஸ்டர் சமையலறைப் பக்கம்கூடத் திரும்பாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வண்டியின் பின் சீட்டில் துண்டு போர்த்திய மூன்று மேடுகள், மூன்றுக்கும் சீட் பெல்ட். மாஸ்டருக்குக் கணவர்மேல் ஒரு பிரியம் பொங்கியது. வண்டிக்குள் வெண்ணெய் வாசம் வேறு கமகமத்தது. அது குளித்தும் போகாமல் தன் தலைமுடியிலிருந்து வருகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அண்ணி நடுவில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். பேக்கரி அம்மா முதுகு வளையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு. முன்கை இரண்டிலும் ஓவன் கம்பி சுட்ட தழும்புகள் கோடு கோடாக இருந்தன. வேலை இல்லாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. பையன் மகளைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தான்.

"வந்தாச்சு, வந்தாச்சு! எங்க மாஸ்டரோட பை இல்லாம இந்த வீட்டுல விருந்தே கிடையாதுங்க!" என்று அண்ணன் அறிவித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வந்தது வரட்டும் என்று மாஸ்டர் கணவருக்குச் சைகை காட்டினார். கணவர் துண்டு போர்த்திய முதல் மேட்டை, குழந்தையை ஏந்துகிற மாதிரி இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, மேஜை நடுவில் பூப்போல வைத்தார். மாஸ்டர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு துண்டை உருவினார்.

உள்ளே சலவைக்குப் போட வேண்டிய துணிமூட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, கையை விரித்துக்கொண்டு, கணவரின் பனியன்.

"இது என்னங்க?"

"பை."

"எந்தப் பை?"

"பை மூணையும் வைன்னு சொன்ன. கதவுகிட்ட மூணுதான் இருந்துது. துணிப் பை, பழைய பேப்பர்ப் பை, அப்புறம் நீ பார்க்கிங்குக்கு வைக்கிற கூம்பு இருக்கிற பை." கணவர் கொஞ்சம் யோசித்தார். "பெல்ட்டும் போட்டேன்."

"நான் சுட்ட பைங்க! அடுப்படியில இருந்த பை!"

"அடுப்படிக்குள்ள நான் போகக் கூடாதே?"

எங்கிருந்தோ தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பார்த்தால், பேக்கரி அம்மா. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு குலுங்குகிறார். அடக்கப் பார்த்து, முடியாமல், பனியனை ஒருமுறை பார்த்துவிட்டு, மேஜைமேல் கையை அறைந்து வெடித்தார். அவ்வளவுதான். அண்ணன் சிரித்துப் புரையேறினார். அண்ணி அவர் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். பையன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழப் பார்த்தான். கணவர்கூட, எதற்கென்று முழுசாக விளங்காமலே, சேர்ந்து சிரித்துவைத்தார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போகட்டும் விடும்மா. மாமி எவ்வளவு சமைச்சிருக்காங்க, இதுவே போதும்" என்றாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதி மாஸ்டருக்கு நன்றாகக் கேட்டது. அதைவிட மோசம், தனக்கும் அதே நிம்மதி வந்ததுதான். கருகிய ஓரத்தை யாரும் பார்க்க வேண்டாம். பேக்கரிக்காரியின் முகம் போகிற போக்கைப் படிக்க வேண்டாம். நல்லதாகப் போயிற்று. மாஸ்டர் நாற்காலியை இழுத்து உட்காரப் போனார்.

"வீடு தூரமா?" என்று பேக்கரி அம்மா கேட்டார்.

"இல்லைங்க, பாலம் தாண்டினதும்…"

"அப்ப எந்திரிங்க. போய் எடுத்துட்டு வந்துரலாம்." அவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

"ஐயோ, நீங்க எதுக்குங்க? இவர் போயிட்டு வருவார்."

பேக்கரி அம்மா கணவரை ஒரு கணம் பார்த்தார். "வேணாம்" என்றார்.

வழியெல்லாம் மாஸ்டர் மன்னிப்பை முன்பணமாகக் கட்டிக்கொண்டே வந்தார். ஓவன் பழசு. இந்தப் பருவத்து ஆப்பிளில் தண்ணீர் அதிகம். எனக்கு இதெல்லாம் ஒழுங்காகப் படித்து வந்ததில்லை. பேக்கரி அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் மூடியிருந்த துணியை எடுத்தார். குனிந்து, மூக்கு மாவில் படுகிற அளவுக்குக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார்.

"ஓரம் கொஞ்சம் கருகிருச்சு" என்றார் மாஸ்டர்.

"இது என்ன, எல் போட்டிருக்கு?"

"அது… இன்னும் கத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்."

பேக்கரி அம்மா நிமிர்ந்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? கடை வச்ச நாளா எனக்குன்னு ஒரு ஆள் மாவு பிசைஞ்சதில்ல. எந்த வீட்டுக்குப் போனாலும் பயப்படுறாங்க. 'உங்களுக்குப் போய் நாங்க என்னத்தச் செஞ்சு வைக்கிறது'ன்னு பழத்த நறுக்கி வச்சிருவாங்க. என் பொறந்தநாளுக்கு என் பையன் என்ன பண்ணுவான் தெரியுமா? என் கடையிலயே கேக் வாங்கிட்டு வருவான். காலைல நான் போட்ட கேக்க சாயங்காலம் நானே வெட்டணும். அதுக்குக் கை தட்டுவாங்க."

மாஸ்டருக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "எனக்கும் அப்படித்தாங்க. கார்ல போனா எல்லாரும் என்னையவே ஓட்டச் சொல்றாங்க" என்றார்.

திரும்பும்போது சிக்கல் வந்தது. கோழிக்கறியையும் பூசணியையும் பின் சீட்டுக்குக் கீழே ஆடாமல் வைத்துவிடலாம். ஆப்பிள் இளகினது, யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "நான் வச்சுக்கறேன்" என்று பேக்கரி அம்மா கையை நீட்டினார். ஆனால் வரும்போதே மாஸ்டர் ஒன்றைக் கவனித்திருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த அம்மாவின் இடது கை தொடைமேல் தானாகக் கியர் மாற்றியது. மாஸ்டரின் கண்ணுக்கு அது தப்புமா?

"ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

பேக்கரி அம்மாவின் முகம் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. "கடை வேன நானே ஓட்டணும்னு ஆசை. டெஸ்டுல விட மாட்டேங்குறாங்க. எல் லைசென்ஸ் பர்ஸ்லதான் இருக்கு. புதுப்பிச்சுப் புதுப்பிச்சே கிழிஞ்சு போச்சு."

மாஸ்டர் சாவியை நீட்டினார். "ஏறுங்க."

விடுமுறைத் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மாஸ்டர் தன் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு, ஆப்பிள் பையை மடியில் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொண்டார். பேக்கரி அம்மா வண்டியை நகர்த்தினார். நன்றாகத்தான் நகர்த்தினார். தெரு முனையில் அழகாகத் திரும்பினார். "பிரமாதம். அப்படியே. எதுக்கு டெஸ்டுல விட மாட்டேங்குறாங்க?" என்று மாஸ்டர் கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. பாராட்டு உச்சிக்கு ஏறி, அந்த அம்மாவின் கால் ஆக்ஸிலரேட்டரில் இறங்கியது. பாலம் விறுவிறுவென்று பின்னால் போனது. பாலம் இறங்கிய இடத்தில் வேகத்தடை, மஞ்சள் கோடு போட்டு, பெரிதாக, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. மாஸ்டரின் கால் பிரேக்கைத் தேடியது. சீட்டைத் தள்ளிப் போட்டதில் எட்டவில்லை. கை இரண்டும் பைமேல். வாய் மட்டும்தான் பாக்கி.

"அடியே தறுதல! கண்ண எங்க வச்சிருக்க? அமுக்குடி பிரேக்க, சனியனே!"

பிரேக் விழுந்தது. வண்டி வேகத்தடைமேல் ஒரு குதி குதித்து, அந்தப் பக்கம் இறங்கி நின்றது. ஆப்பிள் பை மடியை விட்டு எழும்பி, அதே மடியில் தொப்பென்று உட்கார்ந்தது. மேல் மாவு குறுக்கே பிளந்து, பாகு வழிந்தது.

மாஸ்டர் கல்லாகிப் போனார். பழக வந்த ஒரு ஜீவனை அவர் திட்டியது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. அதுவும் யாரை? மகள் வாழப்போகிற வீட்டின் சம்பந்தியம்மாவை. அடியே, தறுதல, சனியனே. மடியில் சூடாகப் பாகு இறங்குவதுகூட உறைக்கவில்லை. கல்யாணம் நின்றுபோய், மகள் அழுது, பையன் மறுபடி பல் வலி என்று வேறு டாக்டரிடம் போவதுவரை மனசுக்குள் ஓடி முடிந்துவிட்டது.

பேக்கரி அம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"இப்பத்தான், சம்பந்தி, எனக்குப் புரிஞ்சுது."

"என்னது?"

"பிரேக்கு. இத்தன வருஷமா எல்லா வாத்தியாரும் 'அம்மா, கொஞ்சம் பிரேக் பிடிங்கம்மா'ன்னு மரியாதையாச் சொன்னாங்களா, எனக்குக் காதுலயே ஏறல. என் கடைல பசங்கள நான் எப்படிப் பேசுவேன்? இப்படித்தான். இது நம்ம பாஷை." அவர் கியரைப் போட்டார். "சொல்லிக்கிட்டே வாங்க."

"வேணாங்க…"

"அட, சொல்லுங்கன்னா."

மாஸ்டர் தயங்கி, தொண்டையைச் செருமி, "கழுத, லெஃப்ட்ல இண்டிகேட்டரப் போடு" என்றார். இண்டிகேட்டர் விழுந்தது. அதற்கப்புறம் அண்ணன் வீடுவரை அந்த வண்டிக்குள் நடந்ததை அச்சில் போட முடியாது. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர், ஒரு பெண்மணி இன்னொரு பெண்மணியை வாய்க்கு வந்தபடி ஏசுவதையும், ஏச்சு வாங்குகிறவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பதையும் பார்த்து, பச்சை விழுந்தும் நகராமல் நின்றுவிட்டார்.

வாசலில் காத்திருந்த மகள், டிரைவர் சீட்டிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பார்த்து வாயைத் திறந்தாள். அம்மாவின் மடியெல்லாம் பாகைப் பார்த்தபோது அந்த வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது. "என்னம்மா ஆச்சு?" "வேகத்தடை" என்றார் பேக்கரி அம்மா, அது ஏதோ தான் வாங்கிய பரிசு மாதிரி.

மூன்று பையும் மேஜைக்கு வந்தன. பிளந்த ஆப்பிள்தான் முதலில் வெட்டுப்பட்டது. மாஸ்டர் வெட்டி, கருகாத பக்கமாகத் தேடி ஒரு துண்டு எடுத்துச் சம்பந்தியின் தட்டில் வைத்தார். யாரும் தங்கள் தட்டைத் தொடவில்லை. அண்ணன் பேசவில்லை. கணவர் வில்லை பார்க்கிற கண்ணால் பேக்கரி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரி அம்மா ஒரு வாய் மென்றார். இன்னொரு வாய் மென்றார்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "எப்படி இருக்கு, அத்தை?"

"அடி மாவு வேகல. இன்னும் கொஞ்சம் விட்டிருக்கணும்" என்றார் பேக்கரி அம்மா, வாய் நிறைய வைத்துக்கொண்டு. மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "பட்டையும் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிக்கொண்டே அவர் காலித் தட்டை மாஸ்டர் பக்கம் நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

மாஸ்டர் கத்தியை எடுத்தார். இன்னொரு துண்டுக்கு அளவு பார்த்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மிச்சமிருந்த பையைத் தட்டோடு சம்பந்தியின் முன்னால் தள்ளி, நடுவில் ஒரு பெரிய கரண்டியைச் செருகினார்.